நீர் உரைக்கும் சாட்சி
(நுளம்பை இனங்கண்ட வரலாறு)

கிணற்று நீரைக் கையால் மொண்டு பார்ப்பவர், அது தெளிந்திருப்பின் நல்ல நீர் என்பார். அதிலே சிறு குடம்பிகள் நெளிந்தோடக் கண்டால் நுளம்பு பெருகிவிட்டது என்பார். அக்குடம்பி எவ்வகை நுளம்பாக வளரும் என்று கேட்டால் விடை கூற அவரால் இயலாது. உலகில் 3,500க்கு மேற்பட்ட நுளம்பு இனங்கள் உள்ளன. அவற்றுள் அனோபிலிஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை நானூற்றுக்கு மேற்பட்டவை. அந்த நானூற்றிலும் மனிதனுக்கு மலேரியாக் காய்ச்சலைக் கொண்டு சேர்க்கும் இனங்கள் சில பத்துகளே. ஏனையவற்றுட் பல ஆடுமாடுகளின் குருதியை உண்டு வாழ்ந்து மடிவன. ஆகவே ஓர் ஊரில் நுளம்பு உண்டா என்ற கேள்வியால் அதிகப் பயனில்லை. எந்த நீரில் எந்த இனம் பிறக்கிறது என்பதே கேட்கத்தக்க கேள்வி. அக்கேள்விக்கு விடை காலந்தாழ்த்திக் கிடைத்தமையாற் பல நாடுகளில் உயிர்கள் மடிந்தன. அவ்விடையை விரைந்து பெறுவதற்கு மனிதர் செய்த முயற்சி ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உடையது. நீண்ட பிடியுள்ள அகப்பையில் தொடங்கிய அவ்வரலாறு, உயிர்கள் நீரில் விட்டுச் சென்ற நுண்ணிய சுவடுகளைப் படித்தறியும் முறை வரை வளர்ந்துள்ளது.

சதுப்பு நிலத்திலிருந்து எழும் கெட்ட காற்றே மலேரியாவுக்குக் காரணம் எனப் பன்னெடுங்காலம் மக்கள் நம்பினர். மலேரியா என்னும் இத்தாலியச் சொல்லின் பொருளும் கெட்ட காற்று என்பதே. இந்திய வைத்திய சேவையிலிருந்த ரொனால்ட் றோஸ் என்பார், நோய்க்கிருமி நுளம்பின் உடலில் வளர்கிறதா என்று அறிய 1895ஆம் ஆண்டில் ஆராய்ச்சியைத் தொடங்கினார். நோயாளியைக் கடித்த நுளம்புகளை ஒவ்வொன்றாகக் கீறி நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து நோக்கினார். தம்மைக் கடிக்கவிட்ட நோயாளிக்கு, கடித்த நுளம்பு ஒன்றுக்கு ஓர் அணா வீதம் கூலியும் கொடுத்தார். ஏறக்குறைய இரண்டாண்டுகள் அவர் கண்டது எதுவுமில்லை. அவர் எடுத்துக்கொண்ட நுளம்புகள் மலேரியாவைப் பரப்பும் இனத்தன அல்ல என்பதே அதற்குக் காரணம். 1897ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 20ஆந் திகதி செக்கந்தராபாத்தில், சிறகிற் புள்ளிகள் கொண்ட வேறொரு வகை நுளம்பைக் கீறிப் பார்த்தபொழுது, அதன் இரைப்பைச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். அடுத்த ஆண்டில் இத்தாலிய விஞ்ஞானியான கிராசியும் அவர்தம் கூட்டாளிகளும், மனிதருக்கு மலேரியாவைக் கொண்டுவருவது அனோபிலிஸ் நுளம்பே என்று நிறுவினர். றோசின் பெருங் கண்டுபிடிப்பு இரண்டாண்டு தாமதித்தது அவருடைய திறமைக் குறைவினால் அன்று. நுளம்பின் இனம் மாறியிருந்தமையினாலே ஆம்.

இதன் பின்னர் நாடுகள் தோறும் நீர்நிலைகளைச் சோதிக்கும் பணி எழுந்தது. சோதனையாளர் ஒருவர் வெண்ணிற அகப்பையுடன் குளக்கரையிலும் ஓடைக்கரையிலும் நடந்து, நீரை மொண்டு, குடம்பிகளை எண்ணிக் குறித்துக்கொள்வார். அனோபிலிஸ் குடம்பி நீர்மட்டத்தோடு ஒட்டிப் படுத்திருக்கும். கியூலெக்ஸ் குடம்பியோ தலைகீழாகச் சரிந்து தொங்கும். இந்த வேறுபாட்டைப் பழகிய கண் எளிதிற் கண்டுகொள்ளும். ஆனால் அனோபிலிஸ் இனங்களுக்குள்ளே ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய வேண்டின், குடம்பியின் உடலிலுள்ள மயிர்களின் கிளைகளை நுணுக்குக்காட்டியில் எண்ண வேண்டும். அல்லது அதனை நுளம்பாகும்வரை வளர்த்துச் சிறகின் புள்ளிகளை நோக்க வேண்டும். சோதனையாளரின் நிழல் நீரில் விழுந்தாற் போதும், குடம்பிகள் அடியாழத்துக்குப் பாய்ந்துவிடும். ஆழ்ந்த கிணற்றில் அகப்பை எட்டாது. அகப்பையில் அகப்படாமையால் இல்லை என்று எழுதப்பட்ட குறிப்புகள் எத்தனையோ!

கண்ணாற் கண்டும் அறிய இயலாத வேறுபாடுகள் உண்டு என்பதை முதலில் உணர்த்தியது ஐரோப்பா. அனோபிலிஸ் மக்குலிப்பென்னிஸ் என்னும் நுளம்பு ஐரோப்பாவெங்கும் மலிந்திருந்தது. இத்தாலியின் சில பகுதிகளில் அது மக்களைக் காய்ச்சலால் வாட்டியது. வேறு பகுதிகளில் அதே நுளம்பு தொழுவங்களில் நிறைந்திருந்தும் காய்ச்சல் இல்லை. இப்புதிர் அறிஞர்களைப் பல்லாண்டு மயக்கியது. 1926ஆம் ஆண்டில் பல்லெரோனி என்னும் இத்தாலியர், நுளம்பை விடுத்து அதன் முட்டைகளைக் கவனித்தார். முட்டைகளின் மேற்கோலம் ஒன்றுபோல் இல்லை என்று கண்டார். சிறிது காலத்தில், ஒரே பெயரால் வழங்கிய அந்நுளம்பு உண்மையிற் பல இனங்களின் கூட்டம் என்பது தெளிவாயிற்று. வளர்ந்த நுளம்புகள் ஒன்றையொன்று ஒத்திருந்தன. அவற்றின் உணவுப் பழக்கமோ வேறாயிருந்தது. மனிதனை நாடும் இனம் வாழ்ந்த இடத்திற் காய்ச்சல் இருந்தது. மாட்டை நாடும் இனம் வாழ்ந்த இடத்தில் அது இல்லை.

பெயரறிந்தும் காவல் தளர்ந்தால் நேர்வது யாது என்பதைப் பிரேசில் நாடு காட்டியது. 1930ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், அந்நாட்டின் வடகிழக்குக் கரையிலுள்ள நாத்தால் நகரில், றேமண்ட் ஷனன் என்னும் பூச்சியியல் அறிஞர் சில குடம்பிகளைக் கண்டெடுத்தார். அவை ஆபிரிக்காவுக்கே உரிய அனோபிலிஸ் காம்பியே. டாக்கார் துறைமுகத்திலிருந்து விரைந்து வரும் கப்பல்களில் அந்நுளம்பு கடல் கடந்து வந்ததென்று கருதப்பட்டது. நாத்தாலில் காய்ச்சல் கண்டு அடங்கியது. அதன் பின் அந்நுளம்பைத் தேடுவோர் அருகினர். அதுவோ ஆறேழு ஆண்டுகள் யாரும் அறியாது கரையோரமாகவும் ஆற்றுப் பள்ளத்தாக்குகள் வழியாகவும் உள்நாட்டுக்குப் பரவிற்று. 1938ஆம் ஆண்டில் பெருங்காய்ச்சல் மூண்டது. நோயுற்றோர் ஓர் இலட்சத்துக்கு மேல்; இறந்தோர் பதினாலாயிரத்துக்குக் குறையார் எனக் கணித்தனர். பிரெட் சோப்பர் என்பாரின் தலைமையில் ஆயிரக்கணக்கான பணியாளர்கள் நீர்நிலை நீர்நிலையாகச் சென்று போராடி, 1940ஆம் ஆண்டு முடிவதற்குள் அவ்வினத்தைப் பிரேசிலிலிருந்து முற்றாக ஒழித்தனர். 1930இல் ஒரு நகரத்தோடு முடிந்திருக்க வேண்டிய வேலை அது.

இலங்கையின் அனுபவம் இன்னும் கொடியது. மன்னார் மாவட்டத்துத் தலைமன்னார்த் துறையிற் பரவிய மலேரியாவைப் பற்றி, ஜேம்சு, குணசேகர என்னும் இருவர் 1913ஆம் ஆண்டிலேயே அறிக்கை எழுதியிருந்தனர். அதற்கு முன்னரே, 1911இல், குருணாகலில் மலேரியாத் தடை நிலையம் தொடங்கிற்று. 1920களில் எச். எப். காட்டர் என்னும் பூச்சியியல் அறிஞர் நாட்டின் அனோபிலிஸ் நுளம்புகளை ஆராய்ந்து, காய்ச்சலைப் பரப்புவதில் முதன்மையானது அனோபிலிஸ் கியூலிசிபேசீஸ் என்று கண்டார். வெயில் படும் தெளிந்த தேங்குநீரை அது விரும்பும். மணற் பாங்கான ஆற்றுப்படுக்கைகளில், நீரோட்டம் அற்றபின் எஞ்சும் சிறு குட்டைகள் அதற்கு வாய்த்த தொட்டில்கள். ஆறு நிரம்பி ஓடுங்காலத்தில் வெள்ளம் முட்டைகளையும் குடம்பிகளையும் அடித்துச் சென்றுவிடும்.

இவ்வளவும் அறியப்பட்டிருந்தது. 1934ஆம் ஆண்டில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. என்றும் வற்றாத மகா ஓயாவும் தெதுறு ஓயாவும் மணற்படுக்கைகளாகிக் குட்டை குட்டையாய்த் தேங்கின. வரண்ட வலயத்துக்கு உரியதாயிருந்த நோய், அதனை எதிர்க்கும் வலிமை பெற்றிராத ஈரவலயத்து மக்களிடையே பாய்ந்தது. கேகாலை, குருணாகல் மாவட்டங்கள் மிக்க அழிவுக்கு உள்ளாயின. நாட்டின் மக்கள்தொகை ஐம்பது இலட்சத்துக்குச் சற்று மேற்பட்டிருந்த அக்காலத்தில், நோயுற்றோர் ஏறக்குறைய 15 இலட்சம். 1935ஆம் ஆண்டு நடுப்பகுதிக்குள் இறந்தோர் ஏறக்குறைய 80,000. அவர்களிற் பெரும்பகுதியினர் குழந்தைகள். கொயினா மருந்தும் கஞ்சியும் கொண்டு தொண்டர்கள் கிராமந்தோறும் சென்றனர். எனினும் நுளம்பு பிறந்த குட்டைகளை எண்ணெய் கொண்டு மூடுவதற்குள் நோய் குடிசைகளுக்குட் புகுந்துவிட்டது. நுளம்பின் பெயரை அறிந்திருந்தால் மட்டும் போதாது. அது எங்கே புதிதாக முட்டையிடுகிறது என்பதை அன்றன்று அறிந்துகொண்டே இருக்க வேண்டும் என்ற பாடத்தை இலங்கை இவ்வளவு விலை கொடுத்துக் கற்றது.

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் டி.டி.ரி. என்னும் மருந்து வந்தது. 1946 முதல் வீட்டுச் சுவர்களில் அது பரவலாகத் தெளிக்கப்பட்டது. ஆயிரம் பேருக்கு இருபதாக இருந்த இறப்பு வீதம் 1947இல் ஏறக்குறைய பதினான்காகக் குறைந்தது. மருந்தோடு உணவும் வைத்திய வசதியும் பெருகியமை இதற்கு எவ்வளவு துணைபுரிந்தது என்பது பற்றி அறிஞர்கள் பின்னர் வாதிட்டனர். காய்ச்சல் வீழ்ந்தது என்பதில் வாதமில்லை. 1963ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் கண்ட மலேரியா நோயாளர் 17 பேர் மாத்திரமே. போர் வென்றாயிற்று என்று கருதித் தெளிப்பு நிறுத்தப்பட்டது. காவற் பணியும் தளர்ந்தது. நுளம்பு மீண்டும் பெருகியதை உரிய காலத்தில் எவரும் உணரவில்லை. 1967 முதல் நோய் மூண்டெழுந்து, 1969ஆம் ஆண்டில் நோயாளர் தொகை 537,000ஐத் தாண்டியது. டி.டி.ரி. மருந்துக்கு மசியாத வலிமையையும் நுளம்பு இதற்குட் பெற்றுவிட்டது. பதினேழு என்ற எண்ணிக்கை ஆறு ஆண்டுகளில் ஐந்து இலட்சமாயிற்று.

இத்தனைக்கும் காரணமான கியூலிசிபேசீசும் ஓர் இனமன்று, இனங்களின் கூட்டம் என்பது 1980ஆம் ஆண்டிலே தெரியவந்தது. நுளம்பின் கலங்களுள் இருக்கும் நிறமூர்த்தங்களின் பட்டைகளைக் கொண்டு ஏ, பி என்று இரண்டு இனங்களை முதலிற் பிரித்தனர். பின்னர் சி, டி என்பனவும் சேர்ந்தன. அவற்றுள் பி இனம் பெரும்பாலும் மாட்டுக் குருதியை நாடுவது; மலேரியாவைப் பரப்புவதில் வலிமை குன்றியது என்பது இந்திய அனுபவம். இலங்கையில் ஆராய்ந்தபொழுது தென்பட்டதோ அந்த வலிமை குன்றிய பி இனமே. அப்படியாயின் எண்பதாயிரம் பேரை மாய்த்தது எது?

இப்புதிருக்கு விடை, பாக்குநீரிணைக்கு அப்பால் இராமேசுவரத் தீவிற் கிடைத்தது. அங்கும் பி இனம் என்று எண்ணப்பட்ட நுளம்பே காய்ச்சலைப் பரப்பிக்கொண்டிருந்தது. அதன் ஆண் நுளம்புகளில் ஒய் நிறமூர்த்தத்தின் வடிவம் வேறாக இருந்ததைக் கண்ட இந்திய ஆராய்ச்சியாளர், 1999ஆம் ஆண்டில் அதனை ஈ என்னும் ஐந்தாவது இனமாக அறிவித்தனர். மறு ஆண்டில், 2000இல், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து விலங்கியல் அறிஞர் சின்னத்தம்பி நோபிள் சுரேந்திரனும் அவருடைய கூட்டாய்வாளரும் இலங்கையில் அதே வேறுபாட்டைக் கண்டு வெளியிட்டனர். இலங்கையிலும் பி, ஈ என்னும் இரண்டு இனங்கள் கலந்து வாழ்கின்றன. மனிதனை நாடி நோய் பரப்புவது ஈ இனமே. புறத்தோற்றத்தில் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரிக்க எக்கண்ணாலும் இயலாது. நீரிணையின் இருகரையும் நூற்றாண்டுகளாக ஒரே நோயால் வருந்தின. நோயைத் தந்த நுளம்பின் உண்மை அடையாளமும் இருகரை அறிஞர்களின் உழைப்பாலேயே வெளிப்பட்டது.

உடலின் தோற்றத்தை விடுத்து உயிரின் உள்ளெழுத்தைப் படிக்கும் கலை இக்காலத்துக்குள் வளர்ந்துவிட்டது. ஒவ்வோர் உயிரின் கலத்திலும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை உண்டு. நான்கு வகை மூலங்கள் மாறி மாறி வரிசைப்பட்டு அமைந்த அவ்விழையின் கட்டமைப்பு 1953ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. 1983இல் கரி மல்லிஸ் என்னும் அமெரிக்க விஞ்ஞானி, அவ்விழையின் வேண்டிய ஒரு துண்டை மட்டும் சோதனைக்குழாயில் மீண்டும் மீண்டும் இரட்டிக்கச் செய்யும் முறையைக் கண்டார். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். இவ்வாறு முப்பது முறை இரட்டித்தால், ஒரு துண்டு நூறு கோடிக்கு மேற்பட்ட படிகளாகப் பெருகும். எனவே கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு சுவடும் ஆராய்ச்சிக்குப் போதுமாயிற்று. 2003ஆம் ஆண்டில் கனடாவைச் சேர்ந்த போல் ஹேபர்ட் என்பார், விலங்குகளின் கலத்திலுள்ள இழைமணியின் ஒரு பரம்பரை அலகுத் துண்டை, கடைப்பொருளின் கோட்டு முத்திரைபோல இனத்தின் அடையாளமாகக் கொள்ளலாம் என்றார். கால் ஒடிந்த, சிறகு கசங்கிய நுளம்பையும் இம்முறையால் இனங்காண இயன்றது.

அடுத்த அடி இன்னும் துணிவானது. உயிர் ஓரிடத்தில் வாழும்பொழுது தன் உடலின் துகள்களை அவ்விடத்தில் உதிர்த்துக்கொண்டே இருக்கிறது. தோல், கழிவு, சளி, அழுகிய உடல் ஆகியவற்றோடு அதன் டி.என்.ஏ. இழைகளும் சூழலிற் கலக்கின்றன. அப்படியாயின் உயிரைப் பிடிக்காமலே, அது வாழ்ந்த நீரை மட்டும் எடுத்து அதன் இருப்பை அறியலாகாதா? மண்ணிலிருந்தும் படிவுகளிலிருந்தும் நுண்ணுயிர்களின் டி.என்.ஏ.யைப் பிரித்தெடுக்கும் முயற்சி 1980களிலேயே நடந்தது. 2003இல், சைபீரியாவின் உறைநிலத்துப் படிவுகளிலிருந்து, மறைந்துபோன பெருயானைகளின் சுவடுகளும் கிடைத்தன. குளத்து நீரில் வாழும் விலங்கைத் தேட இம்முறையைக் கையாண்டு 2008ஆம் ஆண்டில் வெற்றி கண்டவர்கள் பிசேத்தோலா, தபெர்லே முதலியோர். வட அமெரிக்காவிலிருந்து வந்து பிரான்சு நாட்டின் குளங்களிற் பெருகியிருந்த பெருந்தவளையை அவர்கள் தேடினர். ஒவ்வொரு முறையும் அவர்கள் எடுத்துச் சோதித்த நீரின் அளவு 15 மில்லிலீற்றர் மட்டுமே. ஒரு மேசைக்கரண்டி அளவு. தவளை வாழ்ந்த குளங்களின் நீர் அதன் இருப்பைச் சொல்லிற்று. தவளை இல்லாத குளங்களின் நீர் மௌனமாயிருந்தது.

இம்முறைக்கு நுளம்பு மிகப் பொருத்தமான உயிர். அதன் இளமைக்காலம் முழுவதும் சிறிய தேங்குநீரிலே கழிகிறது. குடம்பி நான்கு பருவங்களாக வளர்ந்து, பருவந்தோறும் தன் மேற்றோலைக் கழற்றி நீரில் விடுகிறது. கூட்டுப்புழுவிலிருந்து நுளம்பு பறந்து சென்ற பின்னும் வெற்றுக்கூடு மிதந்துகொண்டிருக்கும். கழிவும் நீரிலே கலக்கும். 2016ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளரும், பிரான்சு, இத்தாலி நாடுகளைச் சேர்ந்த கூட்டாளரும் இதனை நுளம்புகளிற் சோதித்து வெளியிட்டனர். அவர்கள் தேடியவை ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்குள் நுழைந்த மூன்று ஈடிஸ் இனங்கள். அவற்றுள் ஒன்றான அல்போபிக்டஸ், டெங்கு, சிக்குன்குனியா என்னும் காய்ச்சல்களைப் பரப்புவது. 1979இல் அல்பேனியாவிலும் 1990இல் இத்தாலியின் ஜெனோவாவிலும் அது காணப்பட்டது. பழைய வண்டிச் சக்கர ரயர்களிலே தேங்கிய நீரோடு நாடு விட்டு நாடு சென்றதாலேயே அது இவ்வாறு பரவிற்று. 2007இல் இத்தாலியின் றவென்னாப் பகுதியில் சிக்குன்குனியாக் காய்ச்சல் பரவியபொழுது ஐரோப்பா விழித்துக்கொண்டது. லோசான் குழுவினர் பல நாடுகளில் நீரை மொண்டு, வழக்கமான தேடலையும் டி.என்.ஏ. தேடலையும் ஒப்பிட்டனர். பெரும்பாலான ஒப்பீடுகளில் நீரின் சாட்சியமே கண்ணின் சாட்சியத்தினும் மிகுதியான இடங்களில் நுளம்பைக் காட்டிக் கொடுத்தது. நீரை மொள்வதற்குப் பூச்சியியற் புலமை வேண்டாமையின், பொது மக்களும் இப்பணியிற் பங்குகொள்ளலாம் என்று அவர்கள் எழுதினர். ஆபிரிக்காவின் கொடிய காம்பியேக் கூட்டத்துக் குடம்பிகளையும் சோதனை நீர்நிலைகளில் இவ்வாறே கண்டறியலாம் என்பது 2018இல் வெளியான ஓர் ஆய்வாற் புலப்பட்டது.

அதே 2016ஆம் ஆண்டு இலங்கைக்கும் மறக்கவொண்ணாத ஆண்டு. உள்நாட்டிலே தொற்றிய மலேரியா 2012 ஒக்டோபருடன் ஓய்ந்திருந்தது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா நீங்கிய நாடெனச் சான்றளித்தது. அச்சான்று கிடைத்து நான்கு மாதம் ஆகுமுன், டிசெம்பரில், மன்னார்த் தீவின் கிணறுகளில் மலேரியாத் தடை இயக்கத்தினர் அதுவரை இலங்கையில் அறியப்படாத ஒரு குடம்பியைக் கண்டெடுத்தனர். அதன் தோற்றமும், பின்னர் படிக்கப்பெற்ற டி.என்.ஏ. வரிசையும் ஒரே பெயரைச் சொல்லின. அது அனோபிலிஸ் ஸ்டீபன்சி. இந்திய நகரங்களில் கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் பெருகி நகர மலேரியாவைப் பரப்பும் இனம் அது. பழைய கியூலிசிபேசீஸ் ஆற்றுக் குட்டைகளை நாடிய நாட்டுப்புறத்து நுளம்பு. புதியதோ வீட்டு முற்றத்துக் கிணற்றிலே குடிகொள்வது. சில ஆண்டுகளில் யாழ்ப்பாணத்திலும் அது காணப்பட்டது.

இவ்விருந்தினரின் வரவு எத்தகையது என்பதை ஆபிரிக்காவின் ஜிபூத்தி நாடு முன்னரே அறிந்திருந்தது. அங்கு ஸ்டீபன்சி முதலிற் காணப்பட்ட 2012ஆம் ஆண்டில், பதிவான மலேரியா நோயாளர் 27 பேர். 2020ஆம் ஆண்டில் அத்தொகை 73,000ஐத் தாண்டியது. இப்பெருக்கம் முழுவதற்கும் ஒரு நுளம்பே பொறுப்பு என்று அறுதியிட்டுக் கூற இயலாதாயினும், அதன் பங்கு பெரிதென அறிஞர் கருதினர். 2019இல் உலக சுகாதார நிறுவனம் இந்நுளம்பைக் குறித்து நாடுகளை எச்சரித்தது. இலங்கையில் நுளம்பு மட்டுமே வந்தது. ஒட்டுண்ணி அதனோடு சேரவில்லை. ஆயின் பிற நாடுகளிலிருந்து ஒட்டுண்ணியைக் குருதியிற் சுமந்து வரும் பிரயாணிகள் நின்றபாடில்லை. நுளம்பும் ஒட்டுண்ணியும் ஓரிடத்திற் சந்திக்கும் நாளே அச்சத்துக்குரிய நாள். அந்நாளைத் தள்ளிப்போடும் வழி, நுளம்பு எந்தெந்தக் கிணற்றுக்குப் பரவுகிறது என்பதை அதன் காலடியைத் தொடர்ந்து அறிவதே.

இங்கே ஓர் உண்மையைக் கவனித்தல் வேண்டும். மன்னாரில் ஸ்டீபன்சியை முதலிற் பிடித்தது நீரின் டி.என்.ஏ. அன்று. நாட்டில் மலேரியா இல்லை என்ற பின்னும் பணியைக் கைவிடாது, வெயிலிற் கிணறு கிணறாக நடந்து நீரை மொண்ட பணியாளரே அதனைக் கண்டவர். 1963க்குப் பின் தளர்ந்த காவல் இம்முறை தளரவில்லை. டி.என்.ஏ. வரிசை அவர்கள் கண்டதை உறுதிப்படுத்திற்று.

நீரின் சாட்சியத்துக்குக் குறைபாடுகளும் உண்டு. டி.என்.ஏ. இழை நீரில் நெடுநாள் நில்லாது. வெப்பமும், வெயிலின் கழியூதாக் கதிரும், பற்றீரியாக்களும் அதனைச் சிதைக்கும். வெப்ப நாட்டின் திறந்த குட்டையில் இது விரைந்து நிகழும். ஆகவே நீர் ஒன்றும் சொல்லாமையால் நுளம்பு இல்லை என்று துணிதல் ஆகாது. ஓடும் ஆற்றில், மேலே ஓரிடத்து உதிர்ந்த சுவடு கீழே வேறிடத்தில் அகப்படும். சேற்று நீரிலும் இலை அழுகிய நீரிலும் உள்ள சில பொருள்கள் சோதனைக்குழாயில் இரட்டிக்கும் வேலையைத் தடுத்துவிடும். குடம்பி உயிரோடு இருக்கிறதா, எத்தனை இருக்கிறது, அதன் உடலில் மருந்தை எதிர்க்கும் வலிமை உண்டா என்பவற்றை இச்சுவடு நம்பத்தக்கவாறு கூறாது. மிக நெருங்கிய உடன்பிறப்பு இனங்களை ஒரே பரம்பரை அலகுத் துண்டைக் கொண்டு எப்பொழுதும் பிரித்தறியவும் இயலாது. அதற்கு மேலாக, ஒரு கிணற்றின் நீர் மற்றொரு கிணற்றின் குப்பியில் ஒரு துளி கலந்தாலும் பொய்ச்சாட்சி பிறந்துவிடும். சோதனைச்சாலையும் பயின்ற கைகளும் பணமும் இம்முறைக்கு இன்றியமையாதன.

ஆயினும் அகப்பை தோற்கும் இடத்தில் குப்பி கைகொடுக்கும். நிழல் கண்டு ஒளியும் குடம்பியும், ஆழ்கிணற்றின் சுவரோரத்துக் குடம்பியும் தம் சுவடுகளை ஒளித்துவைக்க இயலாது. ஒரே குப்பி நீரிலிருந்து பல இனங்களின் வரவை ஒருங்கே அறியலாம். ஈடிஸ் நுளம்பு நன்னீரிலேதான் பிறக்கும் என்ற பழைய நம்பிக்கையை, யாழ்ப்பாணத்துக் கரையோர உவர்நீரில் அதன் குடம்பிகளைக் கண்ட ஆய்வாளர் 2011இல் அசைத்துவிட்டனர். எந்த நீரையும் சோதிக்கவேண்டியதில்லை என்று ஒதுக்கிவிட இனி இடமில்லை. சோதிக்கவேண்டிய நீர்நிலைகள் பெருகப் பெருக, எளிதில் மொள்ளத்தக்க ஒரு குப்பி நீரின் மதிப்பும் பெருகுகிறது. எங்கே ஊன்றித் தேடவேண்டும் என்பதைக் குப்பி சுட்டிக்காட்டினால், அங்கே சென்று குடம்பியைப் பிடித்து ஆராயும் வேலையை அகப்பை செய்யும்.

றோஸ் இரண்டாண்டுகள் தவறான நுளம்பைக் கீறினார். நாத்தாலின் எச்சரிக்கைக்கும் பெருங்காய்ச்சலுக்கும் இடையே எட்டாண்டுகள் கழிந்தன. இலங்கையில் பதினேழு பேரை எண்ணிய ஆண்டுக்கும் ஐந்து இலட்சம் பேரை எண்ணிய ஆண்டுக்கும் இடைவெளி ஆறே ஆண்டுகள். ஒவ்வோர் இடத்தும் நுளம்பு வந்த காலத்துக்கும் மனிதன் அதனை அறிந்த காலத்துக்கும் இடையிலேயே சாவு நுழைந்தது. அவ்விடைவெளியைக் குறுக்குவதே இம்முயற்சிகள் அனைத்தின் நோக்கம். மன்னார்த் தீவில் அவ்விடைவெளி ஓர் உயிரையும் பலிகொள்ளுமுன் அடைபட்டது. அடுத்த கிணற்றிலும் அவ்வாறே அடைபட வேண்டுமாயின், நோயில்லாத காலத்திலும் அக்கிணற்று நீரை மொண்டு பார்க்க ஒருவர் வந்துகொண்டிருக்க வேண்டும்.